டூமுக்குள் ஒரு கச்சேரி

பல்சர் 220-இன் மூஞ்சியைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏதோ பெரிய யந்திர ரகசியம்? ஒன்றுமே இல்லை! மேலும் கீழுமாக இரண்டு ஹெட்லைட், ஒரு மீட்டர், ஒரு பிடி வயர். மீதியெல்லாம் காலி இடம். இத்தனை வருஷம் இந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் முன்னால் காற்றை அடைத்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்கள்!

அந்தக் காலி இடத்தில்தான் இரண்டு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபையர், ஒரு புளூடூத் குடியேறப் போகின்றன. கடையில் வண்டியை விட்டுவிட்டு வருகிற கதை இல்லை இது. நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், சாக்கு விரித்து, நம் கையாலேயே. வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் கையில் டார்ச்சைத் திணித்துவிட்டார்கள். டார்ச் பிடிக்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, எல்லாவற்றையும் மற்றவர்களுக்கு முன்பே பார்த்துவிடலாம். வாருங்கள், என் தோளுக்கு மேலே எட்டிப் பாருங்கள்.

முதலில் ஆட்கள் அறிமுகம். வண்டிக்குச் சொந்தக்காரத் தம்பி: கையில் ஆலன் கீ, கண்ணில் கனவு. அடுத்த வீட்டு அண்ணாச்சி: ஒரு காலத்தில் கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் கட்டியவர், தென்னையில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டிய கால்கள் அவருடையவை. தம்பியின் அம்மா: கட்டன் சாயா, ஏத்தங்காய் சிப்ஸ், கடுமையான நிபந்தனை ஆகிய மூன்றுக்கும் பொறுப்பு. "ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கேட்டுது, வண்டியத் தூக்கிக் கெணத்துல போட்டிருவேன், கேட்டியா?" நாட்டின் சட்டமும் அதே பத்து மணியைத்தான் சொல்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஹேண்டிலைத் திருப்பு மக்கா!

ஸ்பீக்கர் வைக்க எல்லா வண்டியும் தோதுப்படாது. ஹெட்லைட்டோடு மூடி மொத்தமும் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிற வண்டியில் எடை கூட்டினால் கைக்குத்தான் சுமை. 2007-இல் வந்த 220-இன் அழகே, அதன் அரை ஃபேரிங் சட்டத்தோடு பிடிக்கப்பட்டிருப்பதுதான். நம் மெக்கானிக்குகள் 'டூம்' என்கிறார்களே, அதுதான். ஹேண்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும், டூம் அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும். மீட்டரும் கண்ணாடிகளும்கூட டூமில்தான். 2022-இல் இந்த வண்டியை நிறுத்தினார்கள், அடுத்த வருஷமே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு ஆசை இதன்மேல் நம் ஆட்களுக்கு!

ஆனால் அந்த அழகிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. டூம் அசையாது, ஹேண்டில் அசையும். அப்படியானால் டூமுக்குள் வைக்கிற எதுவும் திரும்புகிற ஹேண்டிலிலோ ஃபோர்க்கிலோ இடிக்கக்கூடாது. ஸ்பீக்கரின் பின்பக்கம் துருத்தி நிற்கிற காந்தம் இருக்கிறதே, அது ஒரு விரல்கடை இடித்தால் போதும், யூ-டர்ன் பாதியில் நின்றுபோகும். எதிரே பஸ் வரும்.

தம்பி ஸ்பீக்கர் அளவுக்கே தெர்மோகோலை வெட்டி, பின்பக்கம் காந்தத்தின் உயரத்துக்கு இன்னொரு துண்டு ஒட்டி, டூமுக்குள் டேப் போட்டு நிறுத்தினான். அண்ணாச்சி ஸ்டூலைவிட்டு எழும்பாமலே ஆணையிட்டார்: "இந்தக் கடேசி வரைக்கும் திருப்பு மக்கா. ஆங். இனி அந்தக் கடேசி." க்ளட்ச் கேபிள் தெர்மோகோலைத் தேய்த்துக்கொண்டு போனது. ஒரு இஞ்ச் மேலே ஏற்றினார்கள். மறுபடி திருப்பு. இந்த வேலையில் ஸ்பீக்கரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே பாதி முடிந்துவிடுகிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை!

இது புதுப் பைத்தியம் இல்லை

ஓடுகிற வண்டியில் பாட்டு கேட்கிற ஆசைக்கு வயது நூறை நெருங்குகிறது. அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காரில் வைக்கிற ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1930-இல். பிற்பாடு மோட்டோரோலா என்று உலகம் அறிந்த கம்பெனி அதுதான். இருசக்கர வண்டிக்கு வந்தால், 1980-இல் ஹோண்டா தன் கோல்ட் விங் ஜிஎல் 1100-இல் 'இன்டர்ஸ்டேட்' என்ற ரகத்தைப் பெரிய ஃபேரிங்கோடு இறக்கியது. கேட்டால் ஸ்டீரியோவும் வைத்துத் தருவார்கள். ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட யந்திரம், சோபா மாதிரி சீட், சினிமா கதாநாயகன் தோரணை.

நம் தம்பியிடம் இருப்பது 220 சிசி. பேட்டரி 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி. கோல்ட் விங்கின் கனவை இந்தச் சின்னப் பேட்டரிக்குள் அடக்குவதுதான் இன்றைய வித்தை.

ஆயிரம் வாட்டும் அட்டைப்பெட்டியில்

ஆம்ப்ளிஃபையர் வந்த பெட்டியைப் பார்த்தீர்களா? தங்க எழுத்தில் 1000 வாட்! தம்பி அதைத் தூக்கிப் பிடித்துக் காட்டினான். அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் சாயா மூக்கில் ஏறிவிட்டது.

ஒரு கணக்கு போடலாம், பயப்படாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான். வண்டி ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 14 வோல்ட் நிற்கும். ஸ்பீக்கர் 4 ஓம். 14-ஐ 14-ஆல் பெருக்கினால் 196. அதை 4-இன் இருமடங்கான 8-ஆல் வகுத்தால் 24.5. வோல்ட்டை உயர்த்தித் தருகிற தனிச் சர்க்யூட் இல்லாத எந்த ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது இவ்வளவுதான். சிப்பில் போகிற இழப்பைக் கழித்தால் இருபது வாட். பெட்டியில் எத்தனை சைபர் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மைக்குத்தான் செலவு!

இதைக் கேட்டு முகம் வாடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு லேசாகத்தான் தெரியும். ஆனால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபல் கூடும். வாட்டை நான்கு மடங்காக்கியதற்குச் சமம், பேட்டரிக்கு ஒரு பைசா செலவில்லாமல்! டூமின் வெளிப்பக்கம் ஊரைப் பார்த்து ஸ்பீக்கர் வைக்கிறவர்கள் ஊருக்குப் பாட்டுப் போடுகிறார்கள். மீட்டருக்கு இரண்டு பக்கமும், ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்து வைத்தால் இருபது வாட்டே தாராளம்.

சிப் தேர்விலும் ஒரு சங்கதி உண்டு. கடையில் மலிவாகக் கிடைக்கிற டிடிஏ 7297 போர்டு பழைய ரகம். ஸ்பீக்கருக்குப் போகிற சக்திக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் சூடாகவும் கக்கும். மூடிய டூமுக்குள், பக்கத்தில் 55 வாட் ஹெட்லைட் பல்ப் காய்ந்துகொண்டிருக்கும்போது அந்தச் சூடு எங்கே போகும்? தம்பி வாங்கியிருந்தது டிபிஏ 3116. 'கிளாஸ் டி' ரகம், பேட்டரியிலிருந்து எடுப்பதில் பத்தில் ஒன்பது பங்கு பாட்டாகிவிடும். முழுச் சத்தத்தில் வைத்தாலும் மூன்றரை ஆம்பியர்தான், இன்னொரு ஹெட்லைட் எரிகிற செலவுகூட இல்லை. என்ஜினை நிறுத்திவிட்டுக் கடற்கரையில் கச்சேரி வைத்தால் மட்டும் ஜாக்கிரதை. பேட்டரி தீர்வதற்கு வெகுமுன்பே செல்ஃப் ஸ்டார்ட் கைவிட்டுவிடும்.

தாக்கோலுக்குக் கட்டுப்பட்ட கரண்ட்

இனி வயரிங்! எனக்குக் கை பரபரக்கிறது.

"மொதல்ல நெகட்டிவ கழத்துடே" என்றார் அண்ணாச்சி. ஏன் நெகட்டிவ்? பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பொறி பறக்கும், ஏனென்றால் சட்டம் முழுக்க நெகட்டிவ்தான். நெகட்டிவ் கழன்றுவிட்டால் ஸ்பேனர் சட்டத்தில் பட்டாலும் கவலையில்லை. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. மைக் செட்காரருக்கு இது மந்திரம் மாதிரி வாயில் நிற்கிறது.

ஊரில் பாதிப் பேர் செய்கிற குறுக்குவழி, ஹாரன் வயரையோ ஹெட்லைட் வயரையோ சுரண்டி அதில் ஆம்ப்ளிஃபையரைத் தொங்கவிடுவது. ஒரு நாள் மழையில் அந்த முறுக்கு சூடாகி, ஹாரனும் போய் பாட்டும் போய் நடுரோட்டில் நிற்பார்கள். தம்பி செய்தது நேர்வழி. பேட்டரி பாசிட்டிவிலிருந்து புதிதாக ஒரு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரியை விட்டுக் கிளம்பியதும் ஒரு சாண் தூரத்துக்குள் 5 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் அங்கேதான் இருக்கவேண்டும். அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்ற வந்ததல்ல, டேங்குக்கு அடியில் போகிற வயரைக் காப்பாற்ற வந்தது. வழியில் எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால், அதற்கு முன்னால் நிற்கிற ஃபியூஸ்தான் தீயைத் தடுக்கும்.

அடுத்து ரிலே. கறுப்புச் சதுரம், நான்கு கால், காலடியில் 30, 85, 86, 87 என்று எண்கள். 30-இல் ஃபியூஸிலிருந்து வருகிற கரண்ட். 87-இலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு. 85 எர்த்து. 86-க்கு, தாக்கோல் (சாவிதான்) போட்டால் மட்டும் உயிர்பெறுகிற ஏதாவது ஒரு வயர். அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வைத்துத் தேடினார்கள். தாக்கோல் திருப்பினால் 12, எடுத்தால் சைபர். "கிட்டிச்சு!" என்று தம்பி கத்திய கத்தலில் அம்மா ஜன்னலில் வந்து பார்த்தார். ரிலேக்குள் இருக்கிற சுருள் குடிப்பது ஓர் ஆம்பியரில் ஏழில் ஒரு பங்குதான். அதனால் கம்பெனி வயரிங்குக்குச் சுமையே இல்லை. பெரிய கரண்ட் தன் சொந்த வழியில் போகும், தாக்கோல் வெறுமனே கதவைத் திறக்கும். வண்டியை நிறுத்திவிட்டு மறந்துபோனாலும் பேட்டரி இறங்காது.

குடம் இல்லாத வில்லா?

ஸ்பீக்கரை அப்படியே டூமின் உள்பக்கப் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டு மாட்டினார்கள். பாட்டு போட்டார்கள். சை! தகர டப்பா! தம்பி முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

அண்ணாச்சி எழுந்து வந்தார். "வில்லுப்பாட்டு பாத்திருக்கியா? வில்லுக்கு அடியில குடம் இல்லாம அடிச்சா எப்படி இருக்கும்? அதுதான் இது."

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா! ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். தாழ்ந்த சுரங்கள்தான் முதல் பலி. பின்பக்கக் காற்றை அடைத்துவைக்க ஒரு குடம் வேண்டும். குடம் எங்கே கிடைத்தது தெரியுமா? ஹார்டுவேர் கடையில்! 110 மில்லிமீட்டர் பிவிசி பைப்புக்குப் போடுகிற மூடி, நான்கு இஞ்ச் ஸ்பீக்கரின் முதுகுக்குத் தைத்த சட்டை. உள்ளே கொஞ்சம் பஞ்சு, சுற்றி சிலிக்கான், வயர் வெளியேற ஓர் ஓட்டை. டூம் பிளாஸ்டிக் அதிர்ந்து கடகடக்காமல் ஸ்பீக்கர் விளிம்புக்கு அடியில் ஃபோம் டேப். மறுபடி பாட்டு போட்டார்கள். ஆகா! மிருதங்கத்துக்கு வயிறு வந்துவிட்டது!

இன்னொரு குட்டி வித்தை. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் மூச்சு விடுகின்றனவா என்று பார்க்க, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடவேண்டும். பாசிட்டிவ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும், தலைகீழாக இருந்தால் உள்ளே பதுங்கும். ஒன்று எட்டிப் பார்த்து ஒன்று பதுங்கினால், இரண்டு ஸ்பீக்கர் வாங்கியும் பேஸ் காணாமல்போகும். இந்தச் சோதனையைப் பார்ப்பதற்கென்றே அடுத்த வீட்டுப் பிள்ளைகள் நாலுபேர் வரிசையில் நின்றார்கள்.

ஙீஈஈஈ என்று ஒரு பேய்

என்ஜினை ஸ்டார்ட் செய்தார்கள். பாட்டுக்குப் பின்னால் 'ஙீஈஈஈ'. ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால் பேயும் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். கூடவே பாடத் தெரிந்த பேய்!

வண்டியின் சார்ஜிங்கில் வருகிற ஏற்ற இறக்கம், எர்த்து வழியாகப் பாட்டுக்குள் நுழைகிற சத்தம் அது. ஆம்ப்ளிஃபையருக்கு ஓரிடத்தில் எர்த்து, புளூடூத்துக்கு வேறிடத்தில் எர்த்து என்று சட்டத்தில் கண்ட இடத்தில் மாட்டினால் இந்தப் பேய் கட்டாயம் வரும். வைத்தியம்: எல்லா நெகட்டிவையும் ஒரே புள்ளியில் சேர்த்து, அங்கிருந்து ஒரே வயராகப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோவது. பெரிய பேய் ஓடிவிட்டது. பாட்டு நிற்கும்போது மட்டும் ஒரு குட்டிப் பேய் 'கிரீச்' என்றது. அது புளூடூத் போர்டின் வேலை. புளூடூத்தும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே சப்ளையைப் பங்கிட்டால் இப்படித்தான். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கறுப்புத் துண்டு, பி-0505-எஸ் என்று பெயர், இரண்டையும் மின்சாரத்தில் பிரித்துவைக்கும். அதைப் பத்தவைத்ததும் அமைதி.

உப்பு, மழை, காற்று

இதுவரை சொன்னதெல்லாம் சென்னையிலும் செய்யலாம். இனிமேல் வருவது எங்கள் மாவட்டத்துக்கென்றே உரியது. எழுபது கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. முட்டத்திலோ சின்னமுட்டத்திலோ ஒரு வருஷம் நின்ற வண்டியின் நட்டைப் பாருங்கள், உப்புக்காற்று என்ன செய்யும் என்று தெரியும். மழையோ இரண்டு பருவமும் உண்டு, ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. காகிதக் கூம்பு ஸ்பீக்கர் ஒரு பருவமே தாங்காது. தம்பி வாங்கியது பாலிபுரோபிலீன் கூம்பு. வயருக்கு ஈயம் பூசிய செம்பு. ஒவ்வொரு இணைப்பும் பத்தவைத்து, சூட்டுக்குச் சுருங்குகிற ஸ்லீவ் போட்டு, கப்ளருக்குள் கொஞ்சம் வாசலின். ஆம்ப்ளிஃபையருக்குப் போகிற வயர் நேராகப் போகாமல் கீழே ஒரு வளைவாகத் தொங்கிப் பிறகு மேலேறும். வயர் வழியாக வழிகிற மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிப்போகும், போர்டுக்கு ஏறாது. மைக் செட் காலத்து அறிவு!

மூன்றாவது எதிரிதான் பெரியது. நாகர்கோவிலைவிட்டு வெள்ளமடம், தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக்குப் போனால் கணவாய்க் காற்று. நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தோட்டங்களில் ஒன்று முப்பந்தலில் இருப்பதற்குக் காரணமே அந்தக் காற்று. ஆடியில் அங்கே வண்டியையே ஒரு பக்கம் தள்ளும். மணிக்கு அறுபது, எழுபதைத் தாண்டினால் என்ஜின் சத்தத்தைவிட ஹெல்மெட்டைச் சுற்றுகிற காற்றின் இரைச்சல்தான் பெரிது. அந்த இரைச்சலோ பெரும்பாலும் தாழ்ந்த சுரம். அதே சுரத்தில் பேஸ் போட்டால் காற்றே தின்றுவிடும்.

"காத்துல பேஸு நிக்காது மக்கா" என்றார் அண்ணாச்சி. "தேரோட்டத்துக்கு நாதஸ்வரத்த ஏன் வச்சான்னு நெனச்சே?" சுசீந்திரத்தில் நான்கு தெருவும் நிரம்பிய கூட்டத்தைத் தாண்டி எட்டுவது எது? பேஸே இல்லாத நாதஸ்வரம். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற இடத்தில்தான் அதன் சத்தம் குடியிருக்கிறது.

எனவே கடைசிக் கைவேலை: ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகிற வயரில் 330 மைக்ரோஃபாரட், பாசிட்டிவ்-நெகட்டிவ் பேதமில்லாத ஒரு கெப்பாசிட்டர். 4 ஓம் ஸ்பீக்கரோடு சேர்ந்து அது சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைப் படிப்படியாகக் குறைத்துவிடும். காற்றுக்குப் பலியாகப் போகிற பேஸுக்குச் செலவாகிற சக்தி மிச்சம், அதெல்லாம் குரலுக்கும் குழலுக்கும் போகும். பேஸைக் குறைத்தால் சத்தம் கூடுகிறது! இதை நம்பாமல் நானும் தம்பியும் கெப்பாசிட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டிப் பார்த்தோம். பழைய படப்பாட்டுகள் துள்ளிக் குதித்தன, புதுப் பாட்டுகளில் அடி விழுகிற இடமெல்லாம் அடங்கிப்போயின.

கிணற்றில் போடாமல் இருக்க

அம்மாவின் பத்து மணி நினைவிருக்கிறதா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை பொதுவெளியில் ஒலிபெருக்கிக்குக் கடிவாளம் போடுகின்றன. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரையாவது அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் உண்டு, கம்பெனி கொடுத்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்று. அதனால் வெளி டூமை வெட்டாமல், உள் பகுதியில் மட்டும் வைத்து, அந்தப் பகுதியை மாற்றினால் பழையபடி ஆகிற மாதிரிச் செய்திருக்கிறான் தம்பி. பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் காதில் விழாத அளவுக்கு வைத்தால், சட்டம் வருவதற்கு முன்பே பஸ் வந்துவிடும்.

வெள்ளோட்டம் ஆரல்வாய்மொழி வரை. ஊருக்குள் நாற்பதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவு. கணவாயில் காற்று தோளைத் தள்ளும்போதும் நாதஸ்வரம் விடவில்லை! நான் பின்சீட்டில் கத்திக்கொண்டே போனேன், ஒருவருக்கும் கேட்டிருக்காது.

சாயாக்கடையில் நிறுத்தியதும் இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள். "எத்தன வாட்டுண்ணே?"

"இருபது" என்றான் தம்பி.

"சும்மா கதை விடாதீங்க. ஆயிரமாவது இருக்கும்."

எங்களுக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்தார் அண்ணாச்சி. "ஆயிரம் வேணும்னா அட்டப்பெட்டிய வாங்கு. பாட்டு வேணும்னா காதுப் பக்கத்துல வை" என்றார். அதற்குள் அவர் கண் அந்தப் பையன்களுடைய ஆர்15 வண்டியின் டூமுக்குள் போய்விட்டிருந்தது. "ஹேண்டில இந்தக் கடேசி வரைக்கும் திருப்பு மக்கா, பாப்பம்."